வந்தார், வந்திருக்கிறார், வந்திருந்தார்

ஆங்கிலத்தின் இறந்தகாலம் நம் பிள்ளைகளைத் தடுமாறச் செய்வது ஏன்?

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சிறுமலைத் தொடரைப் பார்த்தவாறு அமைந்துள்ள ஊர் சாணார்பட்டி. ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடம். இத்தகைய ஊர்களில் ஆங்கிலம் பேச்சு மொழியாக வீட்டுக்குள் நுழைவதில்லை, தாளாகவே நுழைகிறது. கல்லூரிச் சேர்க்கைக்கான படிவம், வங்கியிலிருந்து வரும் கடிதம், வளைகுடா நாட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டிய விண்ணப்பம், மருத்துவமனை தரும் அறிக்கை என அது வந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால், அத்தாவும் அம்மாவும் அத்தாளை அப்பிள்ளையின் கையில் கொடுத்து, "இதில் என்ன போட்டிருக்கிறது, பார்" என்பார்கள். அந்தப் பிள்ளை பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதுவே இறந்தகாலம்.

ஷார்ஜாவில் ஆறாண்டுகளாகப் பணியாற்றிவரும் சகோதரர் ஒருவர், அங்கேயே வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஐ வொர்க்ட் இன் ஷார்ஜா ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்று எழுதுகிறார். எழுத்துப் பிழை இல்லை; இலக்கணப் பிழையும் இல்லை. ஆயினும், இவர் ஷார்ஜாவை விட்டு வந்துவிட்டார், இப்போது அங்கு வேலையில் இல்லை என்றே படிப்பவர் பொருள் கொள்வார். "ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் இன் ஷார்ஜா ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்றிருந்தால், இன்றும் அங்கே பணியில் இருக்கிறார் என்பது ஐயமின்றி விளங்கும். வினைச்சொல்லின் வடிவம் ஒன்று மாறியதால் ஒருவருடைய நிகழ்காலமே மாறிப்போகிறது.

இதனை வெறும் பள்ளிக்கூடப் பாடமாக எண்ணி ஒதுக்கிவிட இயலாது என்பதற்காகவே இக்கட்டுரை.

பட்டியல் தரும் அச்சம்

நம் பள்ளிகளில் ஆங்கிலக் காலங்கள் பன்னிரண்டு என்று பட்டியலிட்டுக் கற்பிக்கிறார்கள். பிள்ளைகளும் அப்பட்டியலை மனனம் செய்து ஒப்பிக்கிறார்கள். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பியும் விடுகிறார்கள். ஆனால் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் எதை எங்கே இடுவது என்று கை நின்றுவிடுகிறது. காரணம் எளிது. வடிவங்களைக் கற்றார்களே தவிர, அவை எதற்காக இருக்கின்றன என்பதைக் கற்கவில்லை.

தமிழ் இலக்கணம் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாக வகுத்தது. தொல்காப்பியமும் நன்னூலும் இதனைக் கூறுகின்றன. ஆங்கிலமும் இம்மூன்றுக்கு அப்பால் நான்காவது காலம் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. நடந்து முடிந்த ஒன்றைச் சொல்பவர் எந்த இடத்தில் நின்று அதைப் பார்க்கிறார் என்பதையும் சேர்த்து அது வினைச்சொல்லில் காட்டுகிறது. அவ்வளவே. நிகழ்ச்சி எவ்வளவு காலத்துக்கு முன் நடந்தது என்பது இங்கே கேள்வியன்று. அந்நிகழ்ச்சியின் கதவு மூடப்பட்டுவிட்டதா, இன்னும் இன்றைய நாளை நோக்கித் திறந்திருக்கிறதா என்பதே கேள்வி.

கதவு மூடப்பட்டுவிட்டால் சிம்பிள் பாஸ்ட். "ஹி கேம்", அவர் வந்தார்.

கதவு இன்று வரை திறந்திருந்தால் பிரசன்ட் பர்ஃபெக்ட். "ஹி ஹாஸ் கம்", அவர் வந்திருக்கிறார்.

கடந்தகாலத்தின் ஒரு புள்ளியில் நின்று, அதற்கும் முந்தியதைத் திரும்பிப் பார்த்தால் பாஸ்ட் பர்ஃபெக்ட். "ஹி ஹாட் கம்", அவர் அதற்கு முன்பே வந்திருந்தார்.

தமிழ் வடிவங்களைப் பாருங்கள். வந்தார், வந்திருக்கிறார், வந்திருந்தார். நம் பிள்ளை ஐந்து வயதிலேயே இம்மூன்றையும் பிழையின்றிப் பேசுகிறது. ஆகவே இப்பாகுபாடு நமக்குப் புதிதன்று. இரு மொழிகளும் சேர்ந்து நடக்கும் வழி பெரிது. பிரிந்து செல்லும் திருப்பங்கள் சில. அத்திருப்பங்களை மட்டும் அறிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

இகாமத்தில் ஓர் இலக்கணம்

பள்ளிவாசலில் நாள்தோறும் ஐந்து வேளையும் ஜமாஅத்துக்கு முன் இகாமத் சொல்லப்படுகிறது. அதில் "கத் காமதிஸ் ஸலாஹ்" என்ற சொற்றொடர் வரும்போது பின்னால் இருப்போரும் எழுந்து வரிசையில் நிற்கின்றனர். "காமத்" என்பது அரபி இலக்கணத்தில் மாளீ, அதாவது இறந்தகால வினை. அதற்கு முன் "கத்" என்ற சிறு சொல் சேர்ந்துள்ளது. மாளீக்கு முன் கத் வந்தால், அச்செயல் உறுதியாக நிகழ்ந்துவிட்டது, அதுவும் இப்போதைக்கு மிக அருகில் நிகழ்ந்தது என்ற பொருளைத் தரும் என்று மதரஸாவில் ஸர்ஃபும் நஹ்வும் ஓதிய மாணவர் அறிவார்.

"தொழுகை நிலைபெற்றது" என்று பழைய செய்தியைச் சொல்வது அதன் நோக்கமன்று. தொழுகை நிலைபெற்றுவிட்டது, ஆகவே இப்போதே எழுந்து நில்லுங்கள் என்பதே அதன் கருத்து. சொல்லப்படும் வினை இறந்தகாலம். அதன் விளைவோ இந்த நொடியில் நிற்கிறது. இதனை ஆங்கிலத்தில் எழுதுவோர் "தி பிரேயர் ஹாஸ் பிகன்" என்பதுபோல் பிரசன்ட் பர்ஃபெக்ட் வடிவத்தில் எழுதுவது இதனாலேதான்.

பிரசன்ட் பர்ஃபெக்ட் என்றால் என்ன என்று குழம்பும் பிள்ளைக்கு இகாமத்தை நினைவூட்டுங்கள். செயல் முன்பே நடந்தது, ஆனால் அதன் பொருட்டு இப்போது நாம் ஏதோ செய்ய வேண்டியிருக்கிறது அல்லது இப்போது ஏதோ மாறியிருக்கிறது என்றால், அந்த இடத்துக்கு உரியது ஹாவ் அல்லது ஹாஸ். "ஐ ஹாவ் லாஸ்ட் மை பாஸ்போர்ட்" என்றால், கடவுச்சீட்டு தொலைந்தது மட்டுமின்றி, இன்னும் கிடைக்கவில்லை, உதவி செய்யுங்கள் என்பதும் அதில் அடங்கும். "ஐ லாஸ்ட் மை பாஸ்போர்ட் இன் 2019" என்றால் அது முடிந்த கதை. அதன் பின் புதியது பெற்றிருக்கலாம்.

இங்கேதான் முதல் திருப்பம் வருகிறது. தமிழில் "2019-இல் அவரைத் திண்டுக்கல்லில் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லலாம். அதில் குற்றமில்லை. ஆங்கிலத்தில் ஆண்டு, மாதம், நேற்று, சென்ற வாரம் என முடிந்துபோன நேரத்தைக் குறித்துவிட்டால் கதவு மூடப்பட்டதாகப் பொருள். அதன்பின் ஹாவ் நுழைய இடமில்லை. "ஐ சா ஹிம் இன் 2019" என்றே எழுத வேண்டும். "யெஸ்டர்டே" இருக்கும் வாக்கியத்தில் "ஹாவ் சீன்" இருக்கக் கூடாது. நம்மவர் எழுதும் ஆங்கிலத்தில் மிகுதியாகக் காணப்படும் பிழைகளுள் இதுவும் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "ஜஸ்ட்", "ஆல்ரெடி" போன்ற சொற்களோடு பிரிட்டானியர் ஹாவ் சேர்த்து எழுதும் இடங்களில் அமெரிக்கர் பலர் சிம்பிள் பாஸ்டையே பயன்படுத்துவர். பிள்ளை அமெரிக்கப் படத்தில் கேட்டதற்கும் பாடநூலில் படித்ததற்கும் வேறுபாடு கண்டு குழம்பினால், இரண்டும் வழக்கில் உள்ளவையே என்று விளக்குங்கள்.

"மர்ஹூம்" செய்யும் வேலை

நம் சமுதாயத்தில் காலமானவரைக் குறிப்பிடும்போது பெயருக்கு முன் "மர்ஹூம்" என்று சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையின் ஒரு பகுதியை வினைச்சொல்லே செய்துவிடுகிறது.

"மை ஃபாதர் ஹாஸ் ஒர்க்ட் இன் தி ரயில்வேஸ்" என்று ஒரு மாணவி எழுதினால், அவளுடைய அத்தா உயிரோடு இருக்கிறார் என்றே படிப்பவர் கருதுவார். அவர் மறைந்துவிட்டிருந்தால் "ஒர்க்ட்" என்று மட்டுமே எழுத வேண்டும். ஒருவருடைய வாழ்க்கை முடிந்ததும் அவருடைய செயல்களின் கதவும் மூடிவிடுகிறது என்பது ஆங்கிலத்தின் கணக்கு. முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று மறைந்தார். அவரைப் பற்றி இன்று எழுதுவோர், "ஹி ஹாஸ் ஸ்டடீட் இன் திருச்சி" என்று எழுதலாகாது. "ஹி ஸ்டடீட் இன் திருச்சி" என்பதே முறை. ஆனால் அவர் விட்டுச் சென்றவை இன்றும் பயன் தருகின்றன அல்லவா? அவற்றை எழுவாயாக்கினால் ஹாவ் திரும்பவும் வரலாம். "ஹிஸ் புக்ஸ் ஹாவ் இன்ஸ்பயர்ட் மெனி" என்பதில் பிழையில்லை. மனிதர் மறைந்தார், அவர் செய்த நற்செயலின் பயன் தொடர்கிறது. ஸதகத்துல் ஜாரியாவின் கருத்தை அறிந்த நமக்கு இவ்வேறுபாட்டை உணர்வது கடினமன்று.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் தந்தையற்ற பிள்ளைகள் இதில் கவனம் செலுத்த வேண்டும். படிவத்தின் ஒரு மூலையில் தந்தை காலமானார் என்று எழுதி, கடிதத்தில் ஹாஸ் சேர்த்து எழுதினால், படிப்பவர் மனத்தில் ஐயம் எழும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

"வரவில்லை" என்ற ஒரே சொல்

"கடிதம் வரவில்லை" என்கிறோம். நேற்று எதிர்பார்த்தோம், வரவில்லை; அத்தோடு அது முடிந்தது என்பதற்கும் இதே சொல். இன்று வரை வரவில்லை, இன்னும் எதிர்பார்க்கிறோம் என்பதற்கும் இதே சொல். "இல்லை" என்ற எதிர்மறை சேர்ந்ததும் தமிழ் வினை அந்த வேறுபாட்டைத் தன்னுள் காட்டுவதில்லை. "நேற்று", "இன்னும்" போன்ற பக்கச் சொற்களே காட்டுகின்றன.

ஆங்கிலம் இரண்டையும் வினையிலேயே பிரிக்கிறது. "தி லெட்டர் டிட் நாட் கம்" என்றால் வரவில்லை. அந்த வேளை கடந்துவிட்டது. "தி லெட்டர் ஹாஸ் நாட் கம்" என்றால் இதுவரை வரவில்லை. வரும் என்ற எதிர்பார்ப்புக்கு இடம் இருக்கிறது. வங்கிக்கு எழுதும் முறையீட்டில் "ஐ டிட் நாட் ரிசீவ் தி மணி" என்றும் எழுதலாம். ஆனால் இன்று வரை பணம் வந்து சேரவில்லை, நடவடிக்கை எடுங்கள் என்பதே நோக்கமானால் "ஐ ஹாவ் நாட் ரிசீவ்ட் தி மணி" என்பதே பொருத்தம்.

அரபி மொழியும் இவ்விரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. "லம் யஃதி" என்றால் அவர் வரவில்லை. "லம்மா யஃதி" என்றால் அவர் இன்னும் வரவில்லை, வரலாம் என்ற எதிர்பார்ப்பு உண்டு. லம், லம்மா என்ற இரு சொற்களின் வேறுபாட்டை ஓதிப் படித்த மாணவர், டிட் நாட், ஹாஸ் நாட் என்ற வேறுபாட்டை ஒரே நாளில் பிடித்துக்கொள்வார். மதரஸாவில் கற்றது வேறு, பள்ளியில் கற்பது வேறு என்று இரு அறைகளாகப் பிரித்து வைப்பதால் ஏற்படும் இழப்புகளில் இதுவும் ஒன்று. ஓர் அறையின் விளக்கு மற்ற அறைக்கும் ஒளி தரும்.

இதனோடு ஒட்டிய சிறு விதி ஒன்று. டிட் வந்துவிட்டால் அதன்பின் வினை தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்பிவிடும். "டிட் நாட் வென்ட்", "டிட் யூ கேம்" என்பன பிழை. இறந்தகாலத்தின் சுமையை டிட் ஏற்றுக்கொண்ட பின், அடுத்த வினையும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. "டிட் நாட் கோ", "டிட் யூ கம்" என்பனவே சரி.

"வந்திருந்தேன்" என்னும் பொறி

"நேற்று மாலை தங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்; தாங்கள் இல்லை" என்று தமிழில் பண்போடு சொல்கிறோம். வந்து, சற்று இருந்து, திரும்பியும் விட்டேன் என்ற பொருள் அதில் அடங்கியுள்ளது. இதை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோய், "ஐ ஹாட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே" என்று எழுதுகிறோம். நம் நாட்டில் பலர் இவ்வாறு எழுதுவதால் நம் காதுக்கு இது பழகிப்போயிற்று. ஆனால் பிற நாட்டார் இதைப் படித்தால், எதற்கு முன் வந்திருந்தார் என்ற கேள்வியோடு அடுத்த வாக்கியத்தை எதிர்பார்ப்பர். அங்கே விடை இராது.

ஹாட் என்பது தனியே நிற்கும் சொல்லன்று. கடந்தகாலத்தில் இன்னொரு நிகழ்ச்சி அருகே இருந்து, அதற்கும் இது முந்தியது என்று காட்ட வேண்டிய தேவை இருந்தால்தான் அது வரும். நம் மாவட்ட வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஹைதர் அலி 1755-இல் திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக நியமிக்கப்பட்டார். 1782 டிசம்பரில் மறைந்தார். 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் திண்டுக்கல்லைக் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

இவற்றை நடந்த வரிசையிலேயே ஆங்கிலத்தில் எழுதினால் எங்கும் ஹாட் வேண்டியதில்லை. வாஸ் அப்பாயின்டட், டைட், லாஸ்ட் என்று எளிய இறந்தகாலமே போதும். ஆண்டுகளே வரிசையைக் காட்டிவிடுகின்றன. ஆனால் 1792-இல் போய் நின்றுகொண்டு, "கும்பெனியார் திண்டுக்கல்லைப் பெற்றபோது ஹைதர் அலி மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன" என்று பின்னோக்கிச் சொல்ல வேண்டுமானால், அப்போது ஹாட் தேவைப்படுகிறது. "வென் தி கம்பெனி டுக் திண்டுக்கல், ஹைதர் அலி ஹாட் பீன் டெட் ஃபார் மெனி இயர்ஸ்" என்பர். வரிசை முன்னோக்கிச் சென்றால் ஹாட் வேண்டாம்; பின்னோக்கித் திரும்பினால் வேண்டும். இதுவே அதன் முழு இரகசியம்.

"பத்தாண்டுகளாக"

"பத்தாண்டுகளாகச் சாணார்பட்டியில் வசிக்கிறோம்" என்பது தமிழ். வசிக்கிறோம் என்பது நிகழ்காலம். அதனால் நம் பிள்ளை, "வி ஆர் லிவிங் இன் சாணார்பட்டி சின்ஸ் டென் இயர்ஸ்" என்று எழுதுகிறது. ஆங்கிலமோ, அன்று தொடங்கி இன்று வரை நீளும் எதையும் நிகழ்காலம் என்ற ஒரே சொல்லால் விட்டுவிடாது. "வி ஹாவ் பீன் லிவிங் இன் சாணார்பட்டி ஃபார் டென் இயர்ஸ்" என்றே சொல்லும். தொடங்கிய ஆண்டைச் சொன்னால் சின்ஸ். கழிந்த காலத்தின் அளவைச் சொன்னால் ஃபார். "சின்ஸ் 2015", "ஃபார் டென் இயர்ஸ்".

மருத்துவரிடம் செல்லும்போது இவ்வேறுபாடு வெறும் இலக்கணமாக இருப்பதில்லை. வெளிநாட்டில் மகனோடு தங்கச் சென்ற முதியவர் ஒருவருக்கு உடல்நலம் குன்றுகிறது என்று கொள்வோம். அங்குள்ள மருத்துவர், இரத்தம் உறையாமல் இருக்க ஏதேனும் மாத்திரை உட்கொள்கிறாரா என்று கேட்கிறார். "ஹி டுக் தட் டேப்லட்" என்று மகன் சொன்னால், முன்பு ஒரு காலத்தில் உட்கொண்டார், இப்போது இல்லை என்று பொருள்படக் கூடும். "ஹி ஹாஸ் பீன் டேக்கிங் தட் டேப்லட் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால், மூன்றாண்டுகளாக இன்றுவரை உட்கொண்டுவருகிறார் என்பது தெளிவு. அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர் அறிந்தே ஆக வேண்டிய செய்தி இது. ஐயம் இருந்தால் இலக்கணத்தை நம்பி இராமல், "ஹி ஸ்டில் டேக்ஸ் இட் எவ்ரி டே" என்று இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வது அறிவுடைமை.

நன்னி கதை சொல்வார்

"எங்கள் நன்னி இரவில் நபிமார்களின் வரலாறு சொல்வார்" என்கிறோம். நன்னி மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆயினும் "சொல்வார்" என்று எதிர்கால வடிவத்தால் அப்பழைய வழக்கத்தைக் குறிப்பது தமிழின் அழகு. அரபியில் "கான" என்பதோடு முளாரிஃ வினையைச் சேர்த்து, "கான யக்துபு" என்றால், அவர் எழுதிக்கொண்டிருந்தார், அவர் எழுதுவது வழக்கம் என்ற இரண்டு பொருளும் இடத்துக்கேற்ப வரும்.

ஆங்கிலம் வழக்கத்துக்கு "யூஸ்ட் டு" என்ற சொல்லை வைத்துள்ளது. "மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு டெல் அஸ் ஸ்டோரீஸ்." முன்பு நிலவி, இப்போது மாறிப்போன நிலையைச் சொல்லவும் இதுவே உதவும். மதுரை மாவட்டத்திலிருந்து 1985-இல் பிரிக்கப்பட்ட நம் மாவட்டம் சில காலம் கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. தமிழகத்தின் மாவட்டங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் 1997-இல் நீக்கப்பட்டன. "தி டிஸ்ட்ரிக்ட் யூஸ்ட் டு பேர் ஹிஸ் நேம்" என்று இன்றைய மாணவர் எழுதினால், அன்று இருந்தது, இன்று இல்லை என்ற இரண்டு செய்தியும் அதிலேயே அடங்கிவிடும்.

தொடர்ந்துகொண்டிருந்த செயலுக்கு வாஸ் அல்லது வேர் என்பதோடு "இங்" சேர்ந்த வினை வரும். "ஐ வாஸ் கிராசிங் தி ரோட் வென் தி பஸ் ஹிட் மி" என்றால், சாலையைக் கடந்துகொண்டிருந்த வேளையில் பேருந்து மோதியது. "ஐ கிராஸ்ட் தி ரோட்" என்றால் கடந்து முடித்தாயிற்று. விபத்து இழப்பீட்டுக்காக எழுதித் தரும் வாக்குமூலத்தில் இவ்விரண்டில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து, மோதிய இடம் சாலையின் நடுவா, மறுகரையா என்ற கேள்வியே எழலாம்.

சட்டமும் வினைச்சொல்லும்

வினைச்சொல்லின் காலம் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. அமெரிக்காவில் சில குற்றங்களுக்குத் தண்டனை பெற்றோர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. மாநிலம் விட்டு மாநிலம் பயணம் செய்து, பின் பதிவு செய்யத் தவறுவோரைத் தண்டிக்கும் பிரிவும் அதில் இருந்தது. கார் என்பவர் அச்சட்டம் வருவதற்கு முன்பே அலபாமாவிலிருந்து இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தவர். அவர் மீது வழக்கு வந்தது. அப்பிரிவில் பயணத்தைக் குறிக்கும் வினை "டிராவல்ஸ்" என நிகழ்காலத்தில் இருக்கிறது. ஆகவே சட்டம் வருவதற்கு முன் நடந்த பயணத்தை அது குறிக்காது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2010-இல் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. ஒரு வினையின் காலம் ஒரு வழக்கின் முடிவைத் தீர்மானித்தது.

நம் நாட்டுச் சட்டத்திலும் பாருங்கள். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு ஜீவனாம்சம் பற்றியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. மணவிலக்குப் பெற்று, மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணும் "மனைவி" என்ற சொல்லில் அடங்குவாள் என்று இப்பிரிவு விளக்கம் தருகிறது. அங்கே ஆங்கிலத்தில் உள்ள தொடர் "ஹாஸ் நாட் ரீமேரிட்" என்பது. "டிட் நாட் ரீமேரி" என்று இல்லை. இதுநாள்வரை மறுமணம் செய்துகொள்ளாதவள் என்பதே பொருள். ஆகவே மணவிலக்கு நடந்த நாளில் மட்டும் அவள் நிலை என்ன என்று பார்த்தால் போதாது. கோரிக்கை ஆராயப்படும் நாளிலும் அவள் நிலை பார்க்கப்படும். மூன்று சொற்களுக்குள் ஒரு பெண்ணின் உரிமையும் அதன் எல்லையும் அடங்கியுள்ளன. இப்பிரிவு முஸ்லிம் பெண்ணுக்கும் பொருந்தும் என்று இந்திய உச்சநீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. அதுபற்றிய மார்க்க, சட்ட விவாதங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை. தன் உரிமை எழுதப்பட்டிருக்கும் தாளைத் தானே படித்துப் பொருள் அறியும் ஆற்றல் நம் பெண்மக்களுக்கு வேண்டும் என்பதே இங்கே நாம் சொல்ல வருவது.

வீட்டில் செய்யத்தக்கவை

ஆங்கிலம் அறியாத பெற்றோர் இதில் என்ன செய்ய முடியும் என்று எண்ண வேண்டாம். தமிழைக் கொண்டே பயிற்சி தரலாம். பிள்ளை ஒரு வாக்கியம் எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, எப்போது நடந்தது என்று நாள் குறிப்பிட்டிருக்கிறாயா? ஆம் என்றால் எளிய இறந்தகாலம். இரண்டாவது, அது இன்றும் தொடர்கிறதா, அல்லது அதன் விளைவு இன்றும் இருக்கிறதா? ஆம் என்றால் ஹாவ் அல்லது ஹாஸ். மூன்றாவது, நடந்த இன்னொன்றுக்கும் முன்பு நடந்ததா, வரிசையை மாற்றிச் சொல்கிறாயா? ஆம் என்றால் ஹாட். இம்மூன்று கேள்விகளையும் கேட்பதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.

அடுத்து, "கோ, வென்ட், கான்" போன்ற மூவடிவ வினைகள். இவற்றை மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. தமிழிலும் வா என்பது வந்தேன் ஆகிறது, கல் என்பது கற்றேன் ஆகிறது, செல் என்பது சென்றேன் ஆகிறது. தமிழ் கற்க வரும் அயல்நாட்டார் இவற்றைக் கண்டு திகைக்கிறார்கள். நம் பிள்ளைகளோ விளையாட்டாகக் கற்றுக்கொண்டார்கள். நாள் ஒன்றுக்கு ஐந்து வினைகள் வீதம் எழுதிப் பழகினால், ஒரு கோடை விடுமுறைக்குள் வேண்டியவை கைவந்துவிடும்.

மூன்றாவதாக, வீட்டுக்கு வரும் ஆங்கிலத் தாள்களையே பாடநூலாக்குங்கள். வங்கிக் கடிதத்தில் உள்ள வினைச்சொற்களைப் பிள்ளை அடிக்கோடிடட்டும். இது முடிந்ததா, தொடர்கிறதா, இனிமேல்தானா என்று தமிழில் சொல்லட்டும். பெண்பிள்ளைகளையும் இதில் சமமாக உட்கார வையுங்கள். பின்னாளில் கணவர் வெளிநாட்டில் இருக்க, பள்ளி, வங்கி, மருத்துவமனை என எல்லாத் தாள்களும் அவள் கையில்தான் வந்து சேரும்.

பிற மொழியைப் பிழையறக் கற்பது நமக்குப் புதிய கடமையுமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், யூதர்களுடன் நடைபெறும் கடிதப் போக்குவரத்துக்காக அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவர்கள் அரை மாதத்துக்குள் அதனைக் கற்றுத் தேர்ந்து, வரும் கடிதங்களைப் படித்துக் காட்டவும், மறுமொழி எழுதவும் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. தம் சொல் பிறரிடம் மாறுபடாமல் சென்று சேர வேண்டும், பிறர் சொல்லும் தம்மிடம் மாறுபடாமல் வந்து சேர வேண்டும் என்பதே அப்பணியின் உயிர். சாணார்பட்டியில் ஒரு மாணவி தன் அத்தாவுக்காக ஆங்கிலக் கடிதம் ஒன்றை எழுத உட்காரும்போது அவள் செய்வதும் அப்பணியின் ஒரு சிறு கிளையே. நடந்ததை நடந்தவாறு, தொடர்வதைத் தொடர்வதாக எழுதுவதும் உண்மை பேசுவதைச் சேர்ந்ததே.

பயன் தரும் கல்வியை வல்ல அல்லாஹ் நம் மக்கள் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.